ஏழுகறிக் குழம்பு: மொச்சை வேகல, பரங்கி கரையுது, சேனை காறுது

மேலத்தெரு | பதிவு 1

திருவாதிரைக்கும் தைப்பொங்கலுக்கும் நாட்டுக்காய் மட்டும் போட்டு வைக்கிற புளிக்குழம்பு பத்தி ஒரு சந்தேகம். எட்டுப் பேருக்கு. கையில இருக்கிற காய்: பச்சை மொச்சை, சேனை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், அவரை, பரங்கி.

எல்லாத்தையும் புளித்தண்ணில ஒண்ணாப் போட்டுக் கொதிக்கவிட்டா மூணு கோளாறு. மொச்சை அரை மணி நேரம் கழிச்சும் நறுக்குனு கடிபடுது. அதுக்குள்ள பரங்கி கரைஞ்சு குழம்பு கூழாயிடுது. சேனை தொண்டையில காறுது. குக்கர்ல வெச்சா மொச்சை வெந்துடுது, மத்ததெல்லாம் காணாமப் போயிடுது.

எதை முதல்ல போடறது, எதைக் கடைசில? முருங்கைக்காய் சேர்க்கலாமா? அளவோட சொல்லுங்க.

கல்சட்டி | பதிவு 2

மொச்சை வேகாததுக்கும் பரங்கி கரையறதுக்கும் காரணம் ஒண்ணுதான்: புளி தப்பான நேரத்துல விழுது. சேனைக்கு வழி வேற, கீழ சொல்றேன்.

புளிப்பு இருக்கிற தண்ணில காய் லேசுல மசியாது. காயோட செல்சுவரைப் பிடிச்சு வெச்சிருக்கிற பசை புளிப்புல இளகாம நிக்கும். வத்தக்குழம்புல கிடக்கிற காய் மறுநாளும் உரு குலையாம இருக்கே, அதே கணக்கு. மொச்சை மாதிரி கெட்டியான சரக்கைப் புளில போட்டா எவ்வளவு நேரம் கொதிச்சாலும் உள்ள மாவாகாது. நீங்க மொச்சைக்காகக் காத்திருக்கற நேரத்துல பரங்கி, அதுவே ரொம்ப மென்மையான காய், புளியையும் மீறிக் கரைஞ்சுடும்.

இதையே நமக்குச் சாதகமாத் திருப்பலாம். முதல்ல வெறும் தண்ணில எல்லாக் காயையும் வரிசையாப் போட்டு வேகவையுங்க. எல்லாம் தொண்ணூறு சதம் வெந்த அந்த நிமிஷம் புளியை ஊத்துங்க. அதுக்கப்புறம் காய் அப்படியே நின்னுடும். புளியை ருசிக்குன்னு மட்டும் நினைக்காதீங்க, காய் வேகறதை நிறுத்தற பிரேக் அது.

அளவு, எட்டுப் பேருக்கு, சுத்தம் பண்ணின பிறகு:
மொச்சைக் கொட்டை 150 கிராம், சேனை 200, சிறுகிழங்கு 150, சர்க்கரைவள்ளி 150, வாழைக்காய் ஒண்ணு, அவரை 150, பரங்கி 250. புளி 40 கிராம், பெரிய எலுமிச்சை அளவு. சேனைக்குத் தனியா ஒரு நெல்லிக்காய் அளவு.

அடுப்புல ரெண்டு பர்னர் வேணும்.

ஒரு பக்கம் சேனை. முக்கால் அங்குலத் துண்டு. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்ச தண்ணி, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், சேனை மூழ்கற அளவு. கொதி வந்த பிறகு 12 நிமிஷம். கத்தி சுலபமா இறங்கினதும் வடிச்சுட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. "சத்து போயிடும்"னு குழம்புல சேர்த்தீங்கன்னா காறலையும் சேர்த்தே ஊத்தறீங்க.

இன்னொரு பக்கம் வாயகன்ற பாத்திரத்துல முக்கால் லிட்டர் தண்ணி, மஞ்சள்தூள், மொச்சை. கொதிச்சு 10 நிமிஷம் ஆனதும் சிறுகிழங்கும் வாழைக்காயும். அடுத்த 5 நிமிஷத்துல சர்க்கரைவள்ளி. இன்னொரு 3 நிமிஷத்துல பரங்கியும் அவரையும். பரங்கியைத் தோலோட ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாம நறுக்குங்க. தோல்தான் அதைக் கட்டிப் பிடிக்கும். பரங்கி போட்டு 4 நிமிஷத்துல ஒரு துண்டை எடுத்துக் குத்திப் பாருங்க. கத்தி இறங்கணும், ஆனா துண்டு பிளக்கக் கூடாது. அதுதான் புளி ஊத்தற நேரம்.

புளிக்கரைசலை, 400 மில்லி இருக்கும், வேற பாத்திரத்துல 5 நிமிஷம் கொதிக்கவெச்சுப் பச்சைவாசனை போன பிறகு சூடாவே ஊத்துங்க. பச்சையா ஊத்தினா வாசனை போக இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கணும், பரங்கிக்கு அது ஆகாது. அதோட உப்பு, வடிச்ச சேனை, அரைச்ச மசாலா. 6 நிமிஷம். கரண்டி போட்டுக் கிண்டாதீங்க, பாத்திரத்தைப் பிடிச்சு உருட்டிவிட்டாப் போதும்.

தாமிரபரணிக்கரை | பதிவு 3

கல்சட்டி அண்ணன் சொன்ன வரிசை சரி. ரெண்டு இடத்துல மட்டும் எனக்கு ஒப்பு இல்ல.

> பரங்கியும் அவரையும்

அவரையை அவ்வளவு முன்னாடி போட்டா நிறம் செத்துரும். புளி பட்டதும் பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்குப் போகும், அதைத் தடுக்க முடியாது, ஆனா தள்ளிப்போடலாம். அவரையைத் தனியா உப்புத் தண்ணில 4 நிமிஷம், மூடாம வேகவெச்சு, இறக்கறதுக்கு 2 நிமிஷம் முன்ன சேருங்க. நார் எடுக்கும்போது ரெண்டு பக்கமும் எடுக்கணும். ஒரு பக்கம் விட்டுட்டா சாப்பிடறப்ப நூல் நூலா வரும்.

ரெண்டாவது, சிறுகிழங்கு நேரம். செவல் மண்ணுல வெளைஞ்ச புதுக் கிழங்கு 8 நிமிஷத்துல வெந்துரும். ஒரு வாரம் கடையில கிடந்து வாடினதுன்னா 13, 14 நிமிஷம்கூட ஆகும். அதனால நேரத்தைப் பார்க்காம கிழங்கைப் பாருங்க. நசுக்கினா மாவா உடையணும், நடுவுல வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது.

பேர் குழப்பத்தையும் இங்கயே தீர்த்துக்கிடலாம். நெல்லைப் பக்கம் பூசணின்னா மஞ்சள் பூசணி, அதாவது உங்க பரங்கி. வெள்ளைப் பூசணிக்குத் தடியங்காய். சீனிக்கிழங்குன்னா சர்க்கரைவள்ளி. சென்னைல கருணைக்கிழங்குன்னு விக்கிற பெரிய உருண்டை எங்களுக்குச் சேனை. எங்களுக்குக் கருணைன்னா பிடிகருணை, அது வேற கிழங்கு, காறலும் கூட. இந்தக் குழம்புல பிடிகருணை போடாதீங்க, குழைஞ்சு போயிரும். அது மசியலுக்கு உள்ளது.

மேலத்தெரு | பதிவு 4

ரொம்ப நன்றி அண்ணே. இன்னும் மூணு கேள்வி.

1. சிறுகிழங்குத் தோல் உரிக்கறதுக்குள்ள விடிஞ்சுடுது, கை கறுத்துப் போகுது.
2. இங்க போர்த் தண்ணி உப்பு. வெறும் தண்ணில வெச்சாலும் மொச்சை வேகறதுக்கு நேரமாகுது. ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை?
3. மசாலா?

தாமிரபரணிக்கரை | பதிவு 5

சிறுகிழங்குக்குக் கத்தியை எடுக்காதீங்க. அரை மணி நேரம் தண்ணில ஊறப் போட்டு மண்ணைக் கழுவுங்க. ஈரத்தோட சாக்குப்பையில (கோணி, நைலான் இல்ல) அரைப்பை அளவு போட்டு, வாயை முறுக்கிப் பிடிச்சு, கரடுமுரடான தரையில மாத்தி மாத்தி உருட்டித் தேயுங்க, லேசா அடிங்க. அஞ்சு நிமிஷத்துல முக்கால்வாசித் தோல் போயிரும். மீதியைப் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரை வெச்சு எடுத்துரலாம். கண்ணுல ஒட்டியிருக்கற கறுப்பு போகாது, போகவும் வேண்டாம். அதுலதான் மணம்.

உரிச்சதை உடனே தண்ணில போடணும், இல்லாட்டி கறுக்கும். கையில கறை பிடிக்காம இருக்க முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவிக்கிடுங்க. கறை ஏறின பிறகு தடவிப் பிரயோசனமில்ல.

அவிச்சுட்டுத் தோலுரிக்கலாம்னு சிலபேர் சொல்லுவாங்க. தோல் சுலபமா வரும், வாஸ்தவம். ஆனா மண்வாசனை கிழங்குக்குள்ள இறங்கிரும்.

கல்சட்டி | பதிவு 6

போர்த் தண்ணி: மொச்சை வேகாததுக்குக் காரணம் அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து. செல்சுவர்ப் பசையோட சேர்ந்து கெட்டிப்படுத்திடும். மொச்சையை மட்டும் ஆர்.ஓ. தண்ணிலயோ மழைத்தண்ணிலயோ வேகவையுங்க, மத்த காய்க்குப் போர்த் தண்ணியே போதும். எப்பவும் உப்பு மேலதான் பழி விழுது, "உப்பு போட்டா பயறு வேகாது"ன்னு. உப்பு பெரிசாத் தடுக்கறது இல்ல. தடுக்கறது புளியும் சுண்ணாம்பும்.

ஆப்பச்சோடா வேண்டாம். வேகும், ஆனா தோல் பிஞ்சு வழவழன்னு ஆகும், சோப்பு வாடை அடிக்கும், தயமின் சத்தும் அழியும். அப்புறம் அதே சோடா புளியோட புளிப்பையும் கொஞ்சம் தின்னுடும், நீங்க இன்னும் புளி கரைக்கணும்.

குக்கரே வேணும்னா மொச்சையை மட்டும் அதுல ஒரு விசில். அதுக்கு மேல வேண்டாம்.

மசாலா, மேல சொன்ன அளவுக்கு:
தனியா 3 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, வரமிளகாய் 10, வெந்தயம் கால் டீஸ்பூன், பச்சரிசி ஒரு டீஸ்பூன், வெள்ளை எள் ஒரு மேசைக்கரண்டி, தேங்காய் அரை மூடி. எள்ளை முதல்ல, வெறும் வாணலில. பொரியற சத்தம் அடங்கறதுக்கு முன்னாடியே தட்டுல கொட்டிடணும். வாணலில விட்டா அந்தச் சூட்டுலயே கருகிக் கசக்கும். மத்ததை ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்ல கடலைப்பருப்பு, அரிசி, தனியா, மிளகாய், வெந்தயம் வரிசையில. தேங்காய் கடைசில, பொன்னிறமா.

எள்ளும் அரிசியும் குழம்பைத் திக்காக்கும். எள்ளு போட்டு இப்படி வைக்கறதைத் தாளகக் குழம்புன்னு சொல்றது உண்டு. துவரம்பருப்பு வேண்டியதில்ல. பரங்கி, சர்க்கரைவள்ளி ரெண்டும் இருக்கறதால வெல்லமும் போடாம ருசி பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வெங்காயம், பூண்டு விரத நாள்ல சேராது. மத்த நாள்லயும் இதுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன், காய்மணம் அடிபட்டுப் போகும்.

விதைப்பானை | பதிவு 7

சமையல் பக்கம் அண்ணன்மார் பார்த்துக்கிட்டாங்க. நான் காய் வாங்கறதைப் பத்திச் சொல்றேன்.

முருங்கைக்காய் கேட்டிருந்தீங்க. வேண்டாம். முருங்கை வெயில் மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில பூ உதிர்ந்துடும், மார்கழி தையில வரத்து ஒடுங்கி விலை எங்கயோ நிக்கும். பங்குனிக்கு மேல வாங்குங்க, அப்ப சாம்பாருக்குப் போடலாம். மாங்காயும் அப்படித்தான், தையில மரம் பூத்துத்தான் நிக்கும்.

மொச்சையும் நாட்டு அவரையும் நேர்மாறு. பகல்பொழுது குறைஞ்சாத்தான் பூக்கும். ஆடியில விதைச்சா நாலு மாசம் கொடி மட்டும் ஓடும், கார்த்திகைல பூத்து மார்கழி, தையில கொத்துக் கொத்தாக் காய்க்கும். சித்திரைல நாட்டுரகம் விதைச்சா இலையும் கொடியுமாத்தான் கிடக்கும். வருஷம் பூராக் கடையில கிடைக்கிற அவரை பகல் நீளத்தைப் பார்க்காத குத்துச்செடி ரகம். தப்பில்ல, ஆனா மணம் பாதிகூட இருக்காது.

மொச்சைக்காய் வாங்கும்போது கையில தேய்ச்சுப் பாருங்க. தோல்ல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டணும், ஒரு கார வாசனை விரல்ல நிக்கணும். பனி நல்லா இறங்கின நாள்ல பறிச்சதுல இது தூக்கலா இருக்கும். தோல்ல குண்டூசித் துளை இருந்தா உள்ள புழு. ஒரு கிலோ காய் உரிச்சா அரைக் கிலோவுக்குக் கீழதான் கொட்டை தேறும், அதனால 150 கிராமுக்கு நானூறு கிராம் காயாவது வாங்கணும். உரிச்சு வெச்ச கொட்டையைத் தண்ணில போட்டு விக்கறதை வாங்காதீங்க, மணம் எல்லாம் தண்ணில போயிருக்கும்.

சிறுகிழங்கு மண்ணோட இருக்கறதே நல்லது. கழுவி வெச்சது ரெண்டு நாள்ல பூசணம் பிடிக்கும். மண்ணோட காத்தாடப் பரப்பி வெச்சா பத்து நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

சேனைல வெட்டின முகம் ஈரமில்லாம, இளஞ்சிவப்பா இருக்கணும். இப்பத்தான் தோண்டினதுன்னா அதிகமாக் காறும். ரெண்டு மூணு வாரம் நிழல்ல கிடந்ததுன்னா அடங்கியிருக்கும். உழவர் சந்தையில நேரா கேக்கலாம், என்னைக்குத் தோண்டினதுன்னு விளைவிச்சவரே சொல்லிடுவார்.

பொதிகைத்தென்றல் | பதிவு 8

சேனைக்குப் புளில போட்டு வடிக்கறதெல்லாம் தேவையில்லாத வேலை. கையில எண்ணெய் தடவி நறுக்கி, நல்லா வேகவெச்சாலே காறல் போயிடும்.

கல்சட்டி | பதிவு 9

> நல்லா வேகவெச்சாலே காறல் போயிடும்

பழைய சேனைன்னா சரி. புதுசுன்னா போகாது. சேனைக்குள்ள இருக்கறது ஊசி மாதிரிப் படிகம், கால்சியம் ஆக்சலேட். அது வெந்நீர்ல கரையற சரக்கு இல்ல. புளித்தண்ணில வேகவெச்சு அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டினாத்தான் புதுக்கிழங்கு அடங்குது. புளி இல்லேன்னா கெட்டியான மோரும் ஆகும், அரிசி கழுவின தண்ணில ஊறப்போடற பழக்கமும் இருக்கு.

எண்ணெய் தடவறது கை அரிக்காம இருக்க. தொண்டைக்கு அது ஒண்ணும் பண்ணாது. நறுக்கறதுக்கு முன்னாடி சேனையைக் கழுவாதீங்க. ஈரக் கையோட தொட்டாத்தான் அரிப்பு ஜாஸ்தி. காய்ஞ்ச கிழங்கு, காய்ஞ்ச கை, எண்ணெய். தோலைத் தடிமனாச் சீவி, நறுக்கின பிறகு கழுவுங்க.

சேனை புளில வெந்தா கெட்டியா நிக்காதான்னு கேக்கலாம். நிக்கும், கொஞ்சம் நேரம் கூட ஆகும். அதுக்குத்தான் அதுக்குத் தனி அடுப்பு. மொச்சைக்கு ஆகாத புளி சேனைக்கு வேணும். ரெண்டையும் ஒரே பாத்திரத்துல வேகவெக்க வழியே இல்ல.

தாமிரபரணிக்கரை | பதிவு 10

சேப்பங்கிழங்கு சேர்க்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. தோலோட முழுசா அவிச்சு, உரிச்சு, ஆறவிட்டு நறுக்கி, புளி ஊத்தின பிறகு போடணும். முன்னாடியே போட்டா வழவழப்பு தண்ணி பூரா பரவிரும். புளி அந்த வழவழப்பை அடக்கும்.

வாழைக்காயை மோர் கலந்த தண்ணில நறுக்கிப் போடுங்க, கறுக்காது. தோலை முழுக்கச் சீவ வேண்டாம், மேல் நாரை மட்டும்.

பாத்திரம்: ஈயம் பூசாத பித்தளையில புளி வைக்காதீங்க, களிம்பு ஏறும். மண்சட்டி நல்லது. கல்சட்டின்னா (பேர் வெச்சிருக்கறவர் சொல்லலியே!) அடுப்பை அணைச்ச பிறகும் அஞ்சு நிமிஷம் கொதிக்கும். அதனால கடைசி 6 நிமிஷத்தை 2 நிமிஷமாக் குறைச்சுக்கிடணும்.

கல்சட்டி | பதிவு 11

சரியாப் பிடிச்சீங்க, விட்டுப்போச்சு. பழகாத புதுக் கல்சட்டியை நேரா அடுப்புல ஏத்தினா விரிசல் விடும். சில நாள் வடிகஞ்சி ஊத்தி வெச்சு, எண்ணெய் தடவிப் பழக்கின பிறகுதான் தீ, அதுவும் முதல்ல சிறு தீ.

வடமராட்சி | பதிவு 12

இங்கை யாழ்ப்பாணப் பக்கம் இதே காலத்திலைதான் இராசவள்ளிக் கிழங்கு கிண்டுறது. ஊதா நிறக் கிழங்கு. ஏழுகறிக்குப் போடக்கூடாது, நிறம் முழுக்க இறங்கிப்போம். அதோடை புளி பட்டால் ஊதா சிவப்பாய் மாறும்.

அதுக்கு வேறை வழி இருக்கு. அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, சின்னத் துண்டாய் வெட்டி, மூழ்கிற அளவுக்குத் தண்ணி விட்டு நல்லாய் அவியவிட்டு, அகப்பையாலை மசிக்கவேணும். தேங்காயின்ரை இரண்டாம் பால் ஒரு கப், சீனி முக்கால் கப், ஒரு சிட்டிகை உப்பு. இறுகி வரேக்கை முதல் பால் அரைக் கப் விட்டு, ஒரு கொதி வர முன்னம் இறக்கிப்போடுங்கோ. முதல் பால் கொதிச்சால் திரைஞ்சு எண்ணெய் பிரிஞ்சுபோம். சீனியை முதலே போட்டால் கிழங்கு மசியாது, அவிஞ்ச பிறகுதான். கிழங்கு சீவேக்கை கை கடிக்கும், அதுக்கும் எண்ணெய்தான்.

பனங்கிழங்கும் இப்பத்தான். பச்சையாய்ப் பிளந்து காயவிட்டால் ஒடியல், அவிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவிலை கூழ் காய்ச்சிறதெண்டால் மாவைத் தண்ணியிலை ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை இரண்டு மூண்டு தரம் ஊத்தி எடுக்கவேணும். இல்லாட்டில் கசக்கும்.

மேலத்தெரு | பதிவு 13

பனங்கிழங்கு இங்கயும் வந்திருக்கு. குக்கர்ல நார் நாரா ஆகுது, எவ்வளவு நேரம்?

தாமிரபரணிக்கரை | பதிவு 14

நார் குக்கரால வரலை, முத்தலை வாங்கியிருக்கீங்க. நுனி கூராக் காய்ஞ்சு, தோல் வரண்டிருந்தா முத்தல். கிழங்கு வளையாம நிமிர்ந்து, தோல் ஈரமா இருக்கணும். கொட்டையோட வாங்கினா இன்னும் நல்லது, உள்ள தவுண், அதாவது மெத்துனு இருக்கற வெள்ளைப் பருப்பு, கிடைக்கும்.

ரெண்டு முனையையும் வெட்டி, மேல்தோலை உரிச்சுக் கழுவி, முழுசா நிக்கற பானையில தண்ணி, ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், ரெண்டு டீஸ்பூன் உப்பு. மூடிபோட்டு 40 நிமிஷம். குக்கர்ல 4 விசில். ஆறினதும் ரெண்டாப் பிளந்து நடுக்குருத்தை எடுத்துப்போடுங்க. ஒரு முனையை ஒடிச்சு இழுத்தா நார் தானா வரும், மறுமுனையிலயும் அப்படியே. மீதியைச் சின்னதா வெட்டி மிளகு, பூண்டு, உப்போட இடிச்சு உருட்டிச் சாப்பிடலாம்.

பொதிகைத்தென்றல் | பதிவு 15

புளித்தண்ணியை வடிச்சுப் பார்த்தேன். காறல் இல்ல. ஒத்துக்கறேன்.

குழம்போட திருவாதிரைக் களி கிண்டினா அடிக்கடி கட்டி தட்டுதே, அதுக்கு?

கல்சட்டி | பதிவு 16

பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையா உடைச்சு, மாவைச் சலிச்சு எடுத்துடுங்க. மாவு கலந்திருந்தாத்தான் கட்டி. ஒரு ஆழாக்கு ரவைக்கு ரெண்டரை ஆழாக்கு தண்ணி, புது நெல் அரிசின்னா கால் ஆழாக்கு குறைச்சுக்கலாம். ரெண்டு மேசைக்கரண்டி வறுத்த பாசிப்பருப்பை முக்கால் பதம் தனியா வேகவெச்சு அதோட. வெல்லம் ஒன்றரை ஆழாக்கு, கரைச்சு வடிகட்டி, ரவை முழுக்க வெந்த பிறகுதான். முன்னாடி ஊத்தினா அதுக்கப்புறம் ரவை வேகவே வேகாது, விறைச்சுப் போகும்.

விதைப்பானை | பதிவு 17

மீந்த குழம்பை என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. தஞ்சாவூர்ப் பக்கம் எரிச்ச குழம்பு, நெல்லையில சுண்டக்கறி. மறுநாள் மீந்த பொரியல், கூட்டு எல்லாத்தையும் இதுல கொட்டி, மண்சட்டியில சிறு தீயில பாதியா வத்தற வரைக்கும் வையுங்க. அடிக்கடி அடி துழாவிக் கொடுக்கணும், எள்ளும் தேங்காயும் அடிப்பிடிக்கும். தேங்காய் சேர்ந்த பண்டம், ராத்திரி ஒரு தடவை கொதிக்கவெச்சு ஆறின பிறகு மூடி வெச்சாத்தான் காலைல நுரைக்காம இருக்கும்.

தாமிரபரணிக்கரை | பதிவு 18

அவரையை அதுல இருந்து முதல்லயே எடுத்துருங்க. சுண்டினா தோல் மட்டும்தான் மிஞ்சும்.